வண்டியில் இருக்கட்டும் கூடுதல் நாற்காலி

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், இப்போது அந்தக் கடையைப் பார்த்துக்கொள்ளும் என் மகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேசுகிற மாதிரிதான் எனக்கு எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்தல், மைக் செட், நாற்காலி வாடகை. இதுதான் நம் தொழில். கடை மேற்குத் தாம்பரத்தில் இருந்தாலும் பெருங்களத்தூர், அனகாபுத்தூர், மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் விசேஷம் நடந்தாலும் நம் வண்டி போகும். ஒயர் இழுப்பதையும் கம்பம் நடுவதையும் என் கூட்டாளி ரஹீம் பாய் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழக்கிவிடுவார். அதில் நான் தலையிடவில்லை. ஊரே கூடியிருக்கும்போது ஏதோ ஒன்று தப்பாகப் போகும். மைக் உங்கள் கையில் இருக்கும். அப்போது எதைச் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது? அதை ஒயர் மாதிரி இழுத்துக் காட்ட முடியாது. நடந்ததைத்தான் சொல்ல முடியும்.

நான் தொழில் பழகிய கடையின் முதலாளி அதிகம் பேசாதவர். ஒரு கல்யாணத்துக்கு நூறு நாற்காலி கேட்டார்கள், எண்ணி நூறு இறக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். தாய்மாமனே தூணில் சாய்ந்து நின்றார். அன்றைக்கு முதலாளி சொன்னது இது: "பசியோட போனவன் ஒரு வாரத்துல மறந்துடுவான்டா. உக்கார எடம் இல்லாம நிக்க வெச்சா, பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லிட்டுப் போவான்." அதிலிருந்து எத்தனை நாற்காலி கேட்டாலும் அதற்கு மேல் சில அடுக்கு வண்டியில் ஏற்றிக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது. கேட்டால் இறக்குவோம். கேட்காவிட்டால் திரும்பக் கொண்டு வருவோம். முதுகு கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

சுதந்திர தினமும் குடியரசு தினமும் நமக்குப் பெரிய வரும்படி தருகிற நாட்கள் இல்லை. ஆனாலும் நான் அவற்றை விட்டதில்லை. குடியரசு தினத்தன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மைக் முன்னால் வந்து அரசியல் சட்டத்தின் முகவுரையை வாசிக்கும். எல்லோருக்கும் நீதி, எல்லோரும் சமம், எல்லோரும் உடன்பிறப்பு என்றெல்லாம் அதில் வரும். எத்தனையோ வருஷம் அந்த வார்த்தைகள் நம் ஸ்பீக்கர் பெட்டி வழியாகத்தான் ஊருக்குள் போயிருக்கின்றன. ஸ்பீக்கரை நாம் கூட்டத்தின் கடைசியைப் பார்த்துத்தானே திருப்பிக் கட்டுவோம்? அதனால் பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் அது கணீரென்று கேட்கும். கேட்டுக்கொண்டே நிற்பார்கள்.

"சத்தம் போய்ச் சேந்துடுது மச்சான், நாற்காலிதான் போய்ச் சேர மாட்டேங்குது" என்றார் ரஹீம் பாய் ஒரு தடவை. சிரித்தோம். சிரித்த பிறகும் அது எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

மேடவாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஒரு ஊராட்சி. பெயர் வேண்டாம். நாலு பக்கமும் அடுக்குமாடி எழும்பிவிட்டது. தண்ணீர் லாரி போகாத தெரு இல்லை. ஆனாலும் உள்ளே பெரிய தெரு, காலனி என்கிற பிரிவு மட்டும் பழையபடியே இருந்தது. ஒரு முறை ஊராட்சித் தேர்தலில் தலைவர் பதவியைப் பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். காலனியிலிருந்து மல்லிகா நின்று ஜெயித்தார். ஓ.எம்.ஆரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கும் வேலை பார்த்தவர். கணவர் பாபு தண்ணீர் லாரி ஓட்டுகிறவர்.

ஜெயித்தது ஜெயித்தார், கொடிக் கயிறு மட்டும் அவர் கைக்கு வரவில்லை. முதல் தடவை, "கயிறு கையை அறுத்துடும்மா, நானே ஏத்திடறேன்" என்றார் துணைத்தலைவர். அவர் பெரிய தெருக்காரர். அவருடைய அப்பாவும் அதே கம்பத்தில் கொடி ஏற்றியவர். அடுத்த தடவை யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்றார்கள். அதற்கடுத்த தடவை மல்லிகா வந்து சேர்வதற்குள் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் மல்லிகா கீழே நின்று கை தட்டினார். ஒவ்வொரு முறையும் மைக் செட்டோடு நானும் அங்கேதான் இருந்தேன்.

அதற்கடுத்து வந்த குடியரசு தினத்துக்கு, தலைவர்தான் கொடி ஏற்ற வேண்டும் என்று மேலிருந்து கண்டிப்பாக உத்தரவு வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மேடை போடப் போனோம். துணைத்தலைவர் வந்து நின்றார்.

"மேடைக்கு நாலு நாற்காலி போதும்ப்பா. நான், அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர், ஹெட்மாஸ்டர், ஏர்ஃபோர்ஸ் சார்."

ஏர்ஃபோர்ஸ் சார் என்றால், தாம்பரம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ரிட்டயராகி அந்த ஊரில் வீடு கட்டியிருந்தவர்.

"தலைவருக்குங்க?" என்றேன்.

"அந்தம்மா கயித்தை இழுத்துட்டு எறங்கிடும். உக்காரச் சொன்னாலும் கூச்சப்படும். நீ வேலையப் பாரு."

பெரிய தெருவில் காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் நம் கடைதான் போகும். வாடிக்கையோடு சண்டை போட்டுவிட்டுத் தொழில் செய்ய முடியாது. வாயை மூடிக்கொண்டு நாலே நாற்காலி போட்டேன். ஆனால் இரண்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் போட்டு நடுவில் ஒரு இடம் விட்டேன்.

"நடுவுல என்னப்பா பொக்கைப் பல் மாதிரி?" என்றார்.

"மைக் ஸ்டாண்டுக்குங்க."

சரி என்று போய்விட்டார். பிள்ளைகளே, இடம் விட்டு வைப்பதும் நம் தொழிலில் ஒரு வேலைதான்.

அவர் போனதும் மல்லிகா வந்தார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணா, நாளைக்குக் கொடிய நீயே மடிச்சுக் கட்டிக் குடு. வேற யாரையும் தொட வுடாத."

"ஏம்மா, யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகம் இல்லண்ணா, பயம். நான் இழுத்து அது தொறக்கலன்னு வெச்சுக்கோ. கொடி சிக்கிக்கிச்சுன்னா சொல்வாங்க? காலனிக்காரி கைக்குத் தொறக்கலன்னு சொல்வாங்க. அப்பால எனக்குப் பின்னாடி வர்ற எந்தப் பொண்ணும் அந்தக் கயித்தாண்ட போவ முடியாது."

அவரே சிரித்துக்கொண்டார்.

"இத்தினி நாளா தட்டித் தட்டி என் கை செவந்து கீது. நாளைக்கு அவங்க தட்டட்டும்."

மறுநாள் காலையில் நானே கொடியை மடித்தேன். ஒரு பிடி ரோஜா இதழ் வைத்து, சுண்டினால் அவிழ்கிற மாதிரி உருவு முடிச்சு போட்டேன். தேங்காய் அளவுக்கு இருந்தது. இழுத்துப் பார்த்து, மறுபடி கட்டி, ரஹீம் பாயிடம் "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூட மூலையில் ஒரு ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியதைச் சரிபார்க்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் கூட்டம் நிறைந்துவிட்டது. முன் வரிசைகளில் பெரிய தெருவும் அபார்ட்மெண்ட்காரர்களும் நாற்காலியில். பின்னால் காலனி ஜனம் நின்றுகொண்டு. எப்போதும் அப்படித்தான். அன்று பின்னால் இருந்தவர்களிடம் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. ஆம்பளை பொம்பளை எல்லோரும் தீபாவளிக்கு எடுத்த துணியில் வந்திருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் அழைத்தார். மல்லிகா கம்பத்தடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கொடி மேலே ஏறியது. நான் கட்டியது தேங்காய். மேலே போய்க்கொண்டிருந்தது பலாப்பழம்.

"பாய், இன்னா இது?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலனிப் பொம்பளைங்க வந்தாங்க மச்சான். எங்க வூட்டுப் பூ ஒரு பிடி வெச்சுக்கறோம்னாங்க. இன்னா தப்புன்னு வுட்டேன்."

"அது ஒரு பிடியா?"

"வூட்டுக்கு ஒரு பிடி."

மல்லிகா கயிற்றைச் சுண்டினார். திறக்கவில்லை. மறுபடி சுண்டினார். பலாப்பழம் ஆடியது, பிரியவில்லை. இன்னொரு முறை வேகமாக இழுத்தார். முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மல்லிகாவின் கழுத்து நரம்பு புடைத்தது இங்கிருந்தே தெரிந்தது.

துணைத்தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன். விடும்மா, நான் இழுக்கறேன்."

அவர் மேடையிலிருந்து இறங்கப் படியில் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு இளவட்டம் கத்தினான். "எவன்டா கட்டுனது? வேணும்னே முடிச்சு போட்டுட்டானுங்கடா!"

"யாரைப் பாத்துடா சொல்ற?" என்று முன் வரிசையில் நாலைந்து பேர் எழுந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றாகப் பின்னால் தள்ளப்படும் சத்தம் இருக்கிறதே, அது நம் தொழிலில் அபாயமணி. அதற்குப் பிறகு பறக்கப் போவது நாற்காலிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். என் சட்டைப் பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. நானே ஓடிப் போய்க் கொடியை இறக்கி, முடிச்சை வெட்டி, ஒரு நிமிஷத்தில் சரி செய்திருக்கலாம். கால் கூடத் துடித்தது. ஆனால் போயிருந்தால் மறுநாள் ஊரில் என்ன பேச்சு இருக்கும்? மைக் செட்காரன் வந்துதான் கொடி பறந்தது என்பார்கள். துணைத்தலைவர் கயிற்றைத் தொட்டாலும் அதே கதை. அடிதடி நடந்தாலோ கதையே முடிந்தது. மல்லிகாவுக்கு வேண்டியது உதவி இல்லை. கொஞ்சம் நேரம். அதைக் கொடுக்க என் கையில் இருந்த மைக்கால்தான் முடியும்.

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் டிரில் மாஸ்டரின் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது.

"அட்டேன்... ஷன்!"

நாலு பெட்டியும் ஒன்றாக அதிர்ந்தன. முதலில் விறைத்தவர் ஏர்ஃபோர்ஸ் சார். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. எழுந்து குதிகாலைச் சேர்த்த சத்தம் மேடைப் பலகையில் டப்பென்று கேட்டது. அவரைப் பார்த்து ஹெட்மாஸ்டர். ஹெட்மாஸ்டரைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமும். பிள்ளைகளே விறைத்து நிற்கும்போது பெரியவர்கள் அடித்துக்கொள்ள முடியுமா? சட்டைக் கையை ஏற்றிவிட்டவன் அப்படியே கையை இறக்கினான். துணைத்தலைவர் ஒரு கால் படியிலும் ஒரு கால் மேடையிலுமாக நின்றார். நகரப் பார்த்தார். ஏர்ஃபோர்ஸ் சார் கண்ணை மட்டும் உருட்டி ஒரு பார்வை பார்த்தார். அதன் பிறகு நகரவில்லை.

அந்த மைதானத்தில் அசைய உரிமை இருந்தது ஒரே ஆளுக்குத்தான். கயிற்றைப் பிடித்திருந்த ஆளுக்கு.

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்தது. அவசரப்படாமல் கொடியை இறக்கினார். தரையில் படாமல் இடது கையில் வாங்கிக்கொண்டார். முந்தானையிலிருந்த ஊக்கைக் கழற்றி முடிச்சை நெம்பப் போனவர், சட்டென்று நின்றார். உருவு முடிச்சுக்கு மேலே இறுக்கிக் கட்டியிருந்த நீல நைலான் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

"யோவ்!" என்றார். மைக்கே தேவைப்படவில்லை, அவ்வளவு அமைதி. "இது உன் லாரிக் கயிறுதான?"

கடைசி வரிசையில் அட்டென்ஷனில் நின்ற பாபு, உதட்டைத் தவிர எதையும் அசைக்காமல் பதில் சொன்னார். "பூ கொட்டிடும்னு கட்டுனேன் மல்லி."

"மேடவாக்கம் பள்ளத்துல லாரி எகிறிக் குதிச்சாலும் அவுராத முடிச்சைக் கொண்டாந்து இங்க போட்டியாய்யா?"

விறைத்து நின்றபடியே ஒரு ஊர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கை பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது, வயிறு மட்டும் குலுங்குகிறது. "எவன்டா கட்டுனது" என்று கத்தியவன் தலையைக் குனிந்துகொண்டான். துணைத்தலைவரின் மீசை கூடத் துடித்தது. முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் கட்டியது யார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அன்பாகக் கட்டிய முடிச்சாகவும் இருக்கலாம்.

நைலான் கயிறு அவிழ்ந்ததும் பூ அவ்வளவும் அவர் காலடியில் கொட்டியது. சாமந்தி, ரோஜா, அரளி, செம்பருத்தி, யார் வீட்டு வாசலிலோ பறித்த நந்தியாவட்டை. குனிந்து அள்ளி மறுபடி வைப்பார் என்று நினைத்தேன். அவர் வைக்கவில்லை.

"பூ கீழயே இருக்கட்டும். கொடி மேல போவட்டும்."

மடித்தார், நான் போட்ட மாதிரியே உருவு முடிச்சு போட்டார், ஏற்றினார், சுண்டினார். ஒரே சுண்டுதான். பூ எதுவும் உதிரவில்லை. கொடி மட்டும் விரிந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் வந்தது. பிள்ளைகள் தேசிய கீதம் பாடினார்கள்.

பாட்டு முடிந்தும் யாரும் அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அட்டென்ஷன் சொன்னவன் அதைக் கலைக்கவே இல்லை. ஏர்ஃபோர்ஸ் சாரின் நெற்றியில் வேர்வை வழிகிறது, துடைக்கவில்லை. துணைத்தலைவர் படியில் நின்றபடி கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். "கொண்டா மைக்கை."

அதுதான் அன்றைக்கு எனக்கு வந்த இரண்டாவது சோதனை. வருஷம் முழுக்க வேலை கொடுக்கிற கை அது. நான் அவரைத் தாண்டிப் போய், கம்பத்தடியில் நின்ற மல்லிகாவிடம் மைக்கைக் கொடுத்தேன். "தலைவரே, நீங்கதான் கலைக்கணும்."

மல்லிகா மைக்கை வாங்கி மேடைக்கு ஏறினார். துணைத்தலைவர் காலை எடுத்து வழிவிட வேண்டியிருந்தது. நான் விட்டு வைத்த நடு இடத்தில் போய் நின்று கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் நாற்காலிகள். பின்னால் நிற்கிறவர்கள்.

"எல்லாரும் உக்காருங்க," என்றார்.

முன் வரிசைகள் உட்கார்ந்தன. பின்னால் இருந்தவர்கள் அட்டென்ஷனைத் தளர்த்தி, எப்போதும் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"எல்லாரும்னு சொன்னேன்." வண்டிப் பக்கம் திரும்பினார். "பாய், வண்டியில நாற்காலி கீதா?"

"கீது தலைவரே! நெறைய கீது!" ரஹீம் பாய் அதற்குள் வண்டி மேல் ஏறியிருந்தார்.

வண்டி நின்றது மேடைக்குப் பக்கத்தில். பின்னால் போக வேண்டிய நாற்காலிகளுக்கு வழி, முன் வரிசைகளின் தலைக்கு மேலேதான். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், கூட்டத்தில் நாற்காலியைக் கை மாற்றித்தான் அனுப்புவோம். முதல் நாற்காலியை ஏர்ஃபோர்ஸ் சார்தான் இறங்கி வந்து வாங்கினார். வாங்கிப் பின்னால் கொடுத்தார். அபார்ட்மெண்ட் செயலாளர், அவருக்குப் பின்னால் பெரிய தெருப் பெரியவர் ஒருவர், அவர் மருமகள், அவருக்குப் பின்னால் சற்று முன் சண்டைக்கு எழுந்தவர்கள். நாற்காலி தலைக்கு மேல் வரும்போது எந்த வீராப்புக்காரனும் கையை மடக்கி வைத்துக்கொள்ள முடியாது, மண்டையில் இடிக்கும். எல்லோரும் வாங்கினார்கள், எல்லோரும் கொடுத்தார்கள். பாபுவுக்குக் கடைசி நாற்காலி போய்ச் சேரும்வரை மல்லிகா நின்றுகொண்டே இருந்தார். அதன் பிறகு நான் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் நடுவில் போட்டேன். சட்டத்தின் முகவுரையை வாசிக்க ஒரு சிறுமி வந்தாள். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தைகள். எல்லோரும் உட்கார்ந்து கேட்டது அந்த ஊரில் எனக்குத் தெரிந்து அன்றுதான்.

வாடிக்கை போனதா என்று கேட்பீர்கள். போனது. துணைத்தலைவர் வீட்டுக் காதுகுத்துக்கு வேறு கடையைக் கூப்பிட்டார். அந்தக் கடைக்காரர் சொன்ன கணக்குக்கு மேல் ஒரு நாற்காலி கூட ஏற்றி வரவில்லை. சம்பந்தி வீட்டார் பாதிப்பேர் நின்றார்களாம்.

ஆகஸ்ட் வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் போன் அடித்தது. துணைத்தலைவர்தான்.

"என்னப்பா டிரில் மாஸ்டர், பதினஞ்சாந்தேதி வர்றியா?"

"வர்றேங்க. மேடைக்கு எத்தனை போடட்டும்?"

அவர் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அஞ்சு," என்றார். "அந்தம்மாவுக்கு நடுவுல போட்டுடு. கை வெச்சதா இருக்கட்டும்."

இப்போதும் 'அந்தம்மா'தான். இருக்கட்டும். ஐந்து என்றார் அல்லவா? சரிங்க என்று சொல்லிவிட்டு, ரஹீம் பாயிடம் ஏழு ஏற்றச் சொன்னேன்.